தரவுத்தளத்துடன் இணைப்புக் கிடைக்காதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

“சர்வர் டவுன்” என்று எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றின்போது சர்வர் தன் போக்கில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். பழுது, பயனரின் மேசைக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே எங்கோ இருக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அலுவலகமும், ஆத்தூர்ச் சாலையில் சேகோ ஆலையும், ஏற்காட்டில் காப்பித் தோட்டமும் வைத்திருக்கிற ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. கணக்கு, இருப்பு, கொள்முதல், கூலி ஆகிய அனைத்தும் அங்கே ஒரே வணிக மென்பொருளில் இருக்கின்றன. அதன் தரவுத்தளம் செவ்வாய்ப்பேட்டைக் கணினி ஒன்றில் மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இயங்குகிறது. சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவற்றின் அமைப்பும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்பதால், அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

இணைப்பு ஒரே எட்டில் நிகழ்ந்துவிடுவதில்லை. பயனரின் கணினி முதலில் சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற வேண்டும். அந்த முகவரிக்குப் பாதை இருக்க வேண்டும். அங்கே உரிய போர்ட், அதாவது அந்தச் சேவைக்கான எண்ணிட்ட வாசல், திறந்திருக்க வேண்டும். பிறகு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட வேண்டும். அதன்பின் குறிப்பிட்ட தரவுத்தளத்துக்குள் நுழைய அனுமதி இருக்க வேண்டும். எந்தப் படியில் கால் இடறியது என்பதைப் பிழைச்செய்தி பெரும்பாலும் சொல்லிவிடும். ஆகவே செய்தியை எண்ணோடு சேர்த்து முழுவதும் படிக்காமல் சர்வரில் எதையும் மாற்றாதீர்கள். போர்ட் மூடியிருப்பதற்குக் கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தால், ஒன்றாக இருந்த பழுது இரண்டாகிவிடும்.

யாருக்கு, எந்த வழியில்?

எல்லோருக்கும் நின்றுவிட்டதா, ஒருவருக்கு மட்டுமா என்பது முதல் கேள்வி. பக்கத்து மேசையில் வேலை நடந்துகொண்டிருந்தால் சர்வர் அறைக்குப் போக வேண்டியதே இல்லை.

அவர் எந்த வழியில் இணைகிறார் என்பது இரண்டாவது கேள்வி. அலுவலகத்துக்குள் இருப்பவரின் கணினியில் மென்பொருளே நிறுவப்பட்டு, உள் வலையமைப்பு வழியாக நேரடியாகத் தரவுத்தளத்தைத் தொடும். ஆலையில் இருப்பவர், இணையத்தின் ஊடே அலுவலக வலையமைப்புக்குள் கொண்டுவரும் தனிப்பாதையான வி.பி.என். வழியாக அதே வேலையைச் செய்யக்கூடும். தோட்டத்தில் இருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சேலத்துக் கணினியின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். தணிக்கையாளருக்கோ முதலாளிக்கோ அறிக்கை எடுத்துத் தருபவர், மென்பொருளைத் திறக்காமலேயே எக்செல்லிலிருந்து, பிற மென்பொருள்கள் தரவுத்தளத்தோடு பேச உதவும் ஓ.டி.பி.சி. வழியாகத் தரவை இழுப்பார். நால்வரும் சொல்வது “கனெக்ட் ஆகலீங்க” என்ற ஒரே வாக்கியம்தான் என்றாலும், நால்வருக்கும் பழுது நேரும் இடங்கள் வெவ்வேறு.

அறிகுறி: காலையில் யாருக்குமே திறக்கவில்லை

சர்வர் கணினி உறக்க நிலைக்குப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண விண்டோஸ் கணினியையே சர்வராக வைத்திருக்கும் இடங்களில் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமைகளில் இது வழக்கம். மின் அமைப்பில் உறக்கத்தை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும்.

கணினி விழித்திருந்தால், விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் எஸ்.கியூ.எல். சர்வர் சேவை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு அது தானாகத் தொடங்காமல் நின்றிருந்தால், தொடக்க வகையை ‘ஆட்டோமேட்டிக் – டிலேய்டு ஸ்டார்ட்’ என்று வைப்பது பெரும்பாலும் பலன் தருகிறது. சேவை ஓடியும் தரவுத்தளத்தின் பெயருக்கு எதிரே ‘ரெகவரி’ என்று தெரிந்தால், தயவுசெய்து எதையும் தொடாமல் காத்திருங்கள். மின்சாரம் போன நொடியில் பாதியில் நின்ற பரிவர்த்தனைகளை அது சரிசெய்துகொண்டிருக்கிறது. பொறுமை இழந்து கணினியை மறுபடி அணைத்துப் போடுகிறவர்கள், அந்த வேலையை முதலிலிருந்து தொடங்கவைக்கிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. எல்லோராலும் நுழைய முடியும், பார்க்க முடியும், ஆனால் எதையும் சேமிக்க முடியாது. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு தரவுத்தளம் 10 ஜிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. 2025 பதிப்பில்தான் இந்த வரம்பு 50 ஆக உயர்ந்தது. ரசீதுகளின் படங்களைத் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்கும் நிறுவனங்கள் இந்த வரம்பைத் தாங்கள் நினைப்பதற்கு முன்பே எட்டிவிடும். இது இணைப்புப் பழுதே அன்று என்றாலும், இணைப்புப் பழுது என்றே புகார் வரும்.

அறிகுறி: ‘சர்வர் வாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று தொடங்கும் நீளமான செய்தி

இந்தச் செய்தியைப் பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். விஷயம் அதன் கடைசியில், அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணில் இருக்கிறது.

எண் 26 என்று இருந்தால், சர்வரின் பெயரோடு ஓர் இன்ஸ்டன்ஸ் (ஒரு கணினியில் தனியாக ஓடும் எஸ்.கியூ.எல். சர்வர் நிறுவல்) பெயரையும் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பெயர் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று உங்கள் கணினி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். இயல்நிலை இன்ஸ்டன்ஸ் 1433 என்ற போர்ட்டில் காத்திருக்கும். பெயரிட்ட இன்ஸ்டன்ஸோ, நாம் ஒன்றைக் குறித்துக் கொடுக்காவிட்டால், விண்டோஸ் தரும் ஏதோ ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். சேவை மறுபடி தொடங்கும்போது அது மாறவும் கூடும். எந்தப் போர்ட் என்று கேட்பவருக்குச் சொல்வதற்காகவே எஸ்.கியூ.எல். சர்வர் பிரவுசர் என்ற சிறு சேவை, யு.டி.பி. வகைப் போர்ட் 1434இல் அமர்ந்திருக்கிறது. அந்தச் சேவை நின்றிருந்தாலோ, வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் 1434ஐ மறித்திருந்தாலோ 26 வரும்.

பிரவுசரைத் தொடங்கி வைப்பது ஒரு தீர்வுதான் என்றாலும், நான் அதைச் செய்வதில்லை. எஸ்.கியூ.எல். சர்வரின் அமைப்புகளை மாற்றும் கான்ஃபிகரேஷன் மேனேஜரில், வலையமைப்பு வழி இணைப்புக்கான டி.சி.பி./ஐ.பி. பகுதிக்குச் சென்று, ‘ஐ.பி. ஆல்’ என்ற கடைசித் தொகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியாக்கிவிட்டு, நிலையான போர்ட் ஒன்றைக் கொடுத்துச் சேவையை மறுபடி தொடங்குவேன். பிறகு பயனர் கணினிகளில் சர்வர் பெயருக்கு அடுத்து அந்தப் போர்ட் எண்ணை எழுதிவிட்டால் பிரவுசரின் தயவே தேவைப்படாது. எண்ணுக்கு முன்னால் இட வேண்டியது காற்புள்ளி. இணைய முகவரிப் பழக்கத்தில் முக்காற்புள்ளி இட்டுவிட்டு அரை நாள் தேடியவர்களில் நானும் ஒருவன்.

அதே கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டி.சி.பி./ஐ.பி. இயக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவும்போது அது இயக்கப்படாமலேயே இருக்கும். சர்வர் கணினியில் அமர்ந்து திறந்தால் திறக்கிறது, வேறு எந்தக் கணினியிலிருந்தும் திறக்கவில்லை என்ற புகாரைப் புதிதாக நிறுவிய இடத்தில் கேட்டால், என் கை முதலில் அங்கேதான் போகும்.

செய்தியின் ஓரத்தில் 10061 என்று இருந்தால், அந்த முகவரியில் ஒரு கணினி இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்பார் இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். 10060 வந்தால் அப்படி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. முகவரி தவறாக இருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், ஃபயர்வால் மறித்திருக்கலாம். ஏன், சேவையே நின்றிருக்கலாம். கேட்பார் இல்லாத போர்ட்டுக்கு வரும் அழைப்பை மறுக்காமல் மௌனமாக விழுங்கிவிடுவது விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு. எனவே 10060 வந்ததுமே ஃபயர்வாலை முழுவதும் அணைத்துப் போடுவது அவசர புத்தி.

சென்ற ஆண்டு செவ்வாய்ப்பேட்டை அலுவலகத்தில் ரவுட்டரை மாற்றிய மறுநாள், பத்துப் பன்னிரண்டு கணினிகளும் ஒரேயடியாக நின்றன. சேவை ஓடியது, போர்ட் சரி, முகவரியும் மாறவில்லை. சர்வர் கணினியோ புதிய ரவுட்டரைக் கண்டதும் அதைப் புதிய வலையமைப்பு என்று கருதி, ‘பப்ளிக்’ வகையில் சேர்த்திருந்தது. 1433க்கு நான் எழுதியிருந்த ஃபயர்வால் விதியோ ‘பிரைவேட்’ வகைக்கு மட்டுமே உரியது. வலையமைப்பின் வகையை மாற்றியதும் அரை நிமிடத்தில் எல்லாம் திறந்தன. தவறு என்னுடையதுதான் என்பதை அங்கே சொல்லிவிட்டேன். ரவுட்டர் கொண்டுவந்த பையனை அவர்கள் அதுவரை திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மென்பொருளை ஒதுக்கிவிட்டு இணைப்பை மட்டும் சோதிக்க இரண்டு எளிய கருவிகள் எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கின்றன. ஒன்று, பவர்ஷெல்லில் உள்ள டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளை. சர்வரின் முகவரியையும் போர்ட் எண்ணையும் அதற்குக் கொடுத்தால், கடைசி வரியில் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று சொல்லும். முகவரியைக் கொடுத்தால் ட்ரூ, பெயரைக் கொடுத்தால் ஃபால்ஸ் என்று வந்தால் பழுது பெயர் மாற்றத்தில் இருக்கிறது. கணினி பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் வெறும் பிங் கட்டளையை நம்ப வேண்டாம். பிங்குக்குப் பதில் தராத சர்வர்கள் தரவுத்தளத்தை நன்றாகவே பரிமாறும்.

மற்றொன்றைப் பலர் அறிந்திருப்பதில்லை. டெஸ்க்டாப்பில் வெற்று உரைக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதன் பின்னொட்டை யு.டி.எல். என்று மாற்றுங்கள். கோப்புகளின் பின்னொட்டு தெரியும்படி விண்டோஸில் முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பெயர் மாறுமே தவிர வகை மாறாது. அதை இருமுறை சொடுக்கினால், சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளம் ஆகியவற்றைக் கேட்கும் சிறு சாளரம் திறக்கும். ‘டெஸ்ட் கனெக்‌ஷன்’ என்ற பொத்தானும் அதில் இருக்கும். இங்கே இணைப்புக் கிடைத்து மென்பொருளில் கிடைக்காவிட்டால், மென்பொருளின் அமைப்புக் கோப்பில் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ‘லாகின் ஃபெயில்டு’, எண் 18456

இந்தச் செய்தி வந்தால் ஒரு வகையில் நிம்மதி கொள்ளலாம். கேபிள், முகவரி, போர்ட், ஃபயர்வால் யாவும் சரியாக இருக்கின்றன, வாசல்வரை வந்துவிட்டீர்கள். ஏன் மறுக்கப்பட்டது என்பதைப் பயனரின் திரை வேண்டுமென்றே மறைக்கும். அந்நியர் ஒருவர் பெயர்களை ஊகித்துப் பார்க்க அது உதவிவிடக் கூடாது என்பதே காரணம். அங்கே ஸ்டேட் என்ற இடத்தில் 1 என்றுதான் எப்போதும் தெரியும். உண்மையான எண் சர்வரின் பிழைப் பதிவேட்டில் இருக்கிறது. எஸ்.கியூ.எல். சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ‘எஸ்.கியூ.எல். சர்வர் லாக்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து, அந்த நேரத்துக்குரிய வரியைப் பாருங்கள். 5 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை. 8 என்றால் கடவுச்சொல் தவறு. 7 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 38 என்றால் கேட்ட தரவுத்தளம் அந்தப் பெயரில் இல்லை. 58 என்றால், விண்டோஸ் கணக்குகளை மட்டுமே ஏற்கும்படி சர்வர் அமைக்கப்பட்டிருக்க, நீங்கள் எஸ்.கியூ.எல். கணக்கோடு வந்திருக்கிறீர்கள், சர்வர் பண்புகளில் கலப்பு முறைக்கு மாற்றிச் சேவையை மறுபடி தொடங்க வேண்டும்.

கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் ஒரு கணக்கு அடிக்கடி பூட்டிக்கொண்டால், எங்கோ ஓர் எக்செல் கோப்பு பழைய கடவுச்சொல்லோடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முயன்றுகொண்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள். எந்தக் கணினி என்பதையும் அதே பதிவேடு, ‘கிளையன்ட்’ என்ற சொல்லுக்கு அடுத்து முகவரியாகக் காட்டிவிடும்.

அறிகுறி: பயனர் ஏற்கப்படுகிறார், தரவுத்தளம் திறக்கவில்லை

எண் 4060 பெரும்பாலும் ஓர் இடமாற்றத்துக்குப் பிறகு வரும். பழைய சர்வரிலிருந்து காப்புப் பிரதியை எடுத்துப் புதிய கணினியில் மீட்டிருப்பார்கள். அதே பெயரில் லாகினும் புதிதாக உருவாக்கியிருப்பார்கள். ஆனாலும் நுழைய முடியாது. லாகின் என்பது சர்வருக்கு உரியது, பயனர் என்பது தரவுத்தளத்துக்கு உரியது. இரண்டையும் இணைப்பது பெயரன்று, உள்ளே இருக்கும் ஓர் அடையாள எண். புதிய கணினியில் உருவாக்கிய லாகினுக்குப் புதிய அடையாள எண் கிடைத்திருக்கும் என்பதால், தரவுத்தளத்தில் உள்ள பழைய பயனர் அநாதையாக நிற்கிறார். ‘ஆல்டர் யூசர்’ கட்டளையில் ‘வித் லாகின்’ என்று சேர்த்து இருவரையும் மறுபடி இணைக்கலாம். பயனரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதும் பலர் கையாளும் வழிதான். அவருக்கு அதுவரை தந்திருந்த உரிமைகள் எல்லாம் அதில் போய்விடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அறிகுறி: மென்பொருள் திறக்கிறது, எக்செல் திறக்கவில்லை

‘ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்’ என்று வந்தால், 64 பிட் எக்செல்லிலிருந்து 32 பிட் இணைப்பை, அல்லது அதற்கு நேர்மாறாக, அழைக்கிறீர்கள். விண்டோஸில் ஓ.டி.பி.சி. மேலாண்மைச் சாளரம் இரண்டு உண்டு. இதில் ஒரு வேடிக்கை: சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில் இருப்பது 32 பிட். பெயரைப் பார்த்துப் போனால் தவறாமல் ஏமாறுவோம்.

புதிய கணினி வாங்கியதும் வரும் இன்னொரு புகார், “பழைய கம்ப்யூட்டர்ல வருதுங்க சார், புதுசுலதாங்க வரல” என்பது. 2022இல் வெளிவந்த ஓ.டி.பி.சி. டிரைவர் 18, மறையாக்கத்தை இயல்நிலையாகவே கட்டாயமாக்கியது. சர்வர் தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழை அது நம்ப மறுத்து, சான்றிதழ்ச் சங்கிலி நம்பகமானதன்று என்று சொல்லிவிடும். உள் வலையமைப்புக்குள் ‘டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்’ என்ற தெரிவை இயக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். அலுவலகத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு முறையான சான்றிதழை நிறுவுவதே சரி.

எக்செல்லுக்கென வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றைத் தாருங்கள். நிர்வாகியின் ‘எஸ்.ஏ.’ கணக்கை எக்செல் கோப்பில் சேமித்து, அந்தக் கோப்பை வாட்ஸாப்பில் அனுப்புகிற வழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: ஏற்காட்டிலிருந்து திறக்கிறது, ஆனால் தாங்க முடியாத தாமதம்

இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் தவறான தீர்வுக்கு அதிகமாகப் பணம் செலவாகிறது. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனேன். வெளியே காப்பிப் பழ மூட்டைகள் எடை போடப்பட்டுக்கொண்டிருந்தன. எழுத்தர் பதிவுத் திரையைச் சொடுக்கிவிட்டு, மூட்டையின் எடையைக் கையால் ஒரு நோட்டில் எழுதி முடித்து, பேனாவை மூடி வைத்த பிறகும் திரை வரவில்லை. கடிகாரத்தில் பார்த்தால் 24 நொடி. இணையத்தின் வேகத்தை இரட்டிப்பாக்கியும் பயனில்லை என்றார்.

வேகம் இங்கே பிரச்சினையே அன்று. வி.பி.என். வழியாகச் சேலத்து சர்வருக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 60 மில்லிநொடி ஆனது. அந்தத் திரை திறப்பதற்குள் மென்பொருள் ஏறத்தாழ 400 சிறு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. 400ஐ 60ஆல் பெருக்கினால் 24 நொடி. அலுவலகத்துக்குள் இதே பயணம் ஒரு மில்லிநொடியில் முடிவதால் அங்கே அரை நொடிகூட ஆவதில்லை. குழாயை அகலமாக்குவதால் தூரம் குறையாது.

ஆகவே தொலைவில் இருப்பவருக்குச் சரியான வழி, தரவுத்தளத்தைத் தொலைவுக்கு இழுப்பதன்று. மென்பொருளைத் தரவுத்தளத்தின் பக்கத்திலேயே ஓடவிட்டு, திரையை மட்டும் மேலே அனுப்புவது. வி.பி.என்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வைத்துக் கொடுத்தேன்; அந்தத் திரை அதன்பின் சொடுக்கியதும் வந்தது. கோடை மழையில் இடி இடித்து இணைப்பு அறுந்தாலும், பாதியில் நின்ற பதிவு சேலத்துக் கணினியில் அப்படியே திறந்திருக்கும் என்பது உபரி நன்மை.

வி.பி.என். இணைந்தும் சர்வரை எட்டவே முடியாவிட்டால், இரு பக்கத்து முகவரித் தொடர்களை ஒப்பிடுங்கள். அலுவலகமும் தோட்டமும் 192.168.1 என்ற ஒரே தொடரில் இருந்தால், தோட்டத்துக் கணினி சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அலுவலகத் தொடரை அரிதான வேறொன்றாக மாற்றுவதே நிலையான தீர்வு. வி.பி.என். இணைப்பே ஏற்படாவிட்டால், அலுவலக ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள், அது 100.64 முதல் 100.127 வரையிலான தொடரில் இருந்தால், இணைய நிறுவனம் உங்களைப் பொது முகவரி ஒன்றுக்குப் பின்னால் மற்றவர்களோடு சேர்த்து வைத்திருக்கிறது. நிலையான பொது முகவரி ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் குறுக்குவழியாக 1433ஐயோ, ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டான 3389ஐயோ இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. 2003 ஜனவரியில் எஸ்.கியூ.எல். ஸ்லாமர் என்ற புழு, திறந்து கிடந்த 1434 வழியாகச் சில நிமிடங்களில் உலகெங்கும் பரவியது. நான் திறந்து தர மாட்டேன்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியேற்றப்படுகிறார் என்றால் அது பழுதன்று; விண்டோஸ் புரோ ஒரே நேரத்தில் ஒருவரைத்தான் அனுமதிக்கும். விண்டோஸ் சர்வரில் நிர்வாகத்துக்காக இருவர் நுழையலாம். பலர் நுழைய ரிமோட் டெஸ்க்டாப் சேவையும் ஆளுக்கொரு உரிமமும் தேவை. உரிமமின்றி நிறுவினால் 120 நாள் ஓடிவிட்டு ஒரு காலையில் நின்றுவிடும்.

அறிகுறி: வேலை நடுவே எல்லோருக்கும் உறைந்துபோகிறது

நுழைந்தவர்கள் நுழைந்தபடி இருக்கிறார்கள், சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் மணல் கடிகாரம் சுற்றுகிறது, அரை நிமிடத்தில் ‘டைம்அவுட் எக்ஸ்பயர்ட்’ என்று வருகிறது. இதற்கு சர்வரை மறுபடி தொடங்குவதுதான் பலரும் அறிந்த மருந்து. அது வேலையும் செய்யும், ஆனால் காரணத்தை அழித்துவிடும். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ‘எஸ்பி_ஹூ2’ என்ற கட்டளையை ஓட்டி, ‘பிளாக்டு பை’ என்ற பொருளுடைய நெடுவரிசையைப் பாருங்கள். பலருடைய வரிசைக்கு எதிரே ஒரே எண் இருக்கும். அந்த எண்ணுக்குரியவர் யாராலும் தடுக்கப்படாமல் இருப்பார். அவருடைய கணினியின் பெயரும் அங்கேயே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் அது கணக்காளர் ஐயாவின் கணினியாக இருந்தது, கொள்முதல் பதிவைச் சேமிக்கும்போது எழுந்த “தொடரலாமா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து ‘ஆம்’ என்று அழுத்தியதும் மற்ற ஒன்பது திரைகளும் நகர்ந்தன. மற்றவர்களைக் காக்கவைக்கும் பரிவர்த்தனையை முடிக்காமல் திறந்துவைத்துக்கொண்டு பயனரிடம் கேள்வி கேட்பது மென்பொருளை எழுதியவரின் பிழை. அதைத் திருத்தித் தரும்படி, அந்தக் கட்டளை காட்டிய திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் நேரத்தையும் இணைத்து அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அதுவரை, சாப்பிடப் போகும் முன் பதிவுத் திரையை மூடிவிடும்படி ஐயாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.